மண்புழு செத்தது, ஆட்டுப்புழு சாகுமா?

கேள்வி: ஐயா, வணக்கம். ஊர் ஒடுகத்தூர் பக்கம். எம்.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீட்டில் நாற்பது செம்மறி இருக்கிறது. மழைக்காலம் வந்தால் என் ஆயா குப்பைமேனி, வேப்பங்கொழுந்து, ஆடுதீண்டாப்பாளை மூன்றையும் அரைத்து ஆடுகளுக்கு ஊற்றுவார், புழு விழுந்துவிடும் என்பார். அதையே ப்ராஜெக்ட்டாக எடுத்து, மெத்தனாலில் ஊறவைத்துச் சாறு எடுத்து மண்புழுவில் சோதித்தேன். ஒரு மில்லிக்கு 50 மில்லிகிராம் அளவில் 22 நிமிடத்தில் எல்லாம் செத்துவிட்டன. அல்பெண்டசோல் என்கிற குடற்புழு மருந்தில் போட்டவை சாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. எங்கள் சாறு அல்பெண்டசோலைவிட நல்லது என்று எழுதலாமா? இப்போது இரண்டு குட்டிகளுக்குத் தாடைக்குக் கீழே வீங்கியிருக்கிறது, அவற்றுக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். பலன் இருந்தால் பொடியாக்கி விற்கவும் யோசனை. பள்ளிப் பிள்ளைகளுக்கும் இது ஆகுமா?

பதில்:

தம்பிக்கு வணக்கம். ப்ராஜெக்ட்டைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது. ஆனால் தாடை வீங்கிய இரண்டு குட்டிகள் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதை முடித்துவிடுவோம். அந்தக் குட்டிகளிடம் சோதனை வேண்டாம். இதைப் படித்த உடனே பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், நடத்தி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். தூரம் என்றால் 1962க்குப் போன் செய்து வண்டியைக் கூப்பிடுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், தாடை வீக்கம் நோயின் ஆரம்பம் இல்லை, கடைசிக் கட்டத்துக்குப் பக்கம். ரத்தத்தில் புரதம் இறங்கிப்போனதால் நீர் கசிந்து தாடைக்குக் கீழே தேங்குகிறது. நாளெல்லாம் தலை குனிந்து மேய்வதால் சாயங்காலம் பெரிதாகத் தெரியும், பட்டியில் படுத்து எழுந்தால் காலையில் கொஞ்சம் வற்றியிருக்கும், சரியாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள், அந்த வாரத்திலேயே குட்டி போய்விடும். நம் பக்கத்தில் மழைக்கு அப்புறம் இப்படி வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஹீமாங்கஸ் என்கிற உருண்டைப்புழுவை. ஆட்டின் நான்காவது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிப்பது. ஒரு புழு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 0.05 மில்லி ரத்தம் இழக்கவைக்கும். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், ஆனால் ஆயிரம் புழு இருந்தால் தினமும் 50 மில்லி. பத்துக் கிலோ குட்டிக்கு உடம்பில் இருக்கிற ரத்தம் மொத்தமே 600, 700 மில்லிதான். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அதே வீக்கம் ஈரல் தட்டைப்புழுவாலும் வரலாம். ஏரி உள்வாயில், நீர் வடிந்த இடத்தில் மேய்கிற ஆடுகளுக்கு நத்தை மூலமாகத் தொற்றுவது அது. இரண்டுக்கும் மருந்து ஒன்றில்லை, லெவாமிசோல் என்கிற மருந்து உருண்டைப்புழுவைப் பிடிக்கும், தட்டைப்புழுவைத் தொடாது. அதனால்தான் மருந்துக் கடையில் போய் "புழு மருந்து கொடுங்கள்" என்று வாங்காமல் புழுக்கையைப் பரிசோதித்துவிட்டு ஊற்றச் சொல்கிறேன். ஒரு சிறு பொட்டலம் புதுப் புழுக்கை போதும், மருந்தகத்திலோ வேலூரில் இருக்கிற கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவிலோ பார்த்துச் சொல்வார்கள்.

குட்டிகள் கிளம்பியாயிற்று என்று வைத்துக்கொண்டு சோதனைக்கு வருகிறேன்.

ஆயா சொன்னதைக் கேட்டு அப்படியே நம்பிவிடாமலும், கிழவி பேச்சு என்று தள்ளிவிடாமலும், சோதித்துப் பார்க்கலாம் என்று தோன்றியதே, அதற்காக உங்களைப் பாராட்டுகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் அணைக்கட்டு, குடியாத்தம், பள்ளிகொண்டா பக்கமெல்லாம் கால்நடை மருத்துவனாகச் சுற்றியவன் நான், ஒவ்வொரு பட்டியிலும் ஒரு பச்சிலை வைத்தியம் கேட்டிருக்கிறேன், அதை எடுத்து அளந்து பார்க்க உட்கார்ந்த பிள்ளைகள் ரொம்பக் குறைவு. ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு நேரான பதில், இல்லை, அல்பெண்டசோலைவிட நல்லது என்று எழுத முடியாது. மண்புழு சோதனை அந்தக் கேள்விக்கே பதில் சொல்லாது.

மண்புழுவை ஏன் எடுக்கிறார்கள்? சுலபமாகக் கிடைக்கிறது, பார்ப்பதற்குக் குடற்புழு மாதிரி நீளமாக உருண்டையாக இருக்கிறது, நம் கல்லூரிகளில் எத்தனையோ வருஷமாக அப்படியே செய்துகொண்டு வருகிறார்கள். ஆனால் விலங்கியல் படிக்கிற உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும், மண்புழு வளைதசைப் புழு, ஹீமாங்கஸ் நெமடோடு, அதாவது உருண்டைப்புழு. மண்புழுவுக்கு ஈரமான மெல்லிய தோல், அதன் வழியாகத்தான் மூச்சே விடுகிறது, அந்தத் தோலை எது எரித்தாலும் செத்துப்போகும். உப்புத் தண்ணீரில் சாகும், வினிகரில் சாகும், பூந்திக்கொட்டை ஊறின தண்ணீரில் போட்டாலும் துடித்துச் சாகும், அதற்காகப் பூந்திக்கொட்டை குடற்புழு மருந்து ஆகிவிடுமா? ஹீமாங்கஸ் இருக்கிற இடமோ அமிலம் சுரக்கிற வயிறு. அதில் குடும்பம் நடத்துகிற புழுவுக்குத் தடித்த மேலுறை இருக்கிறது. உங்கள் சாற்றில் மெத்தனால் முழுக்கப் போய்விட்டதா, பிஎச் எவ்வளவு, குலுக்கினால் நுரைக்கிறதா என்று பார்த்தீர்களா? மெத்தனால் கொஞ்சம் மிஞ்சியிருந்தாலே மண்புழுவுக்குப் போதும். சாறு சேர்க்காமல், அதே கரைப்பானை அதே மாதிரி ஆவியாக்கி, மிஞ்சினதில் மண்புழுவைப் போட்டுப் பார்த்த கணக்கு உங்கள் கடிதத்தில் இல்லை.

அல்பெண்டசோலோடு நிமிடக் கணக்கில் ஓட்டப்பந்தயம் விட்டீர்களே, அதுவும் சரியில்லை. அல்பெண்டசோல் தண்ணீரில் கரையவே கரையாது, சுண்ணாம்பு மாதிரி அடியில் நின்றுவிடும். அப்புறம் அது நரம்பைத் தாக்கி உடனே சாய்க்கிற மருந்து இல்லை. புழுவின் செல்லுக்குள் டியூபுலின் என்கிற புரதத்தைப் பிடித்துக்கொண்டு, சத்து உறிஞ்சுவதைத் தடுத்துப் பட்டினி போட்டுக் கொல்கிறது, அதற்கு நாள் கணக்கில் ஆகும். லெவாமிசோல், பைபரசீன் மாதிரி மருந்துகள்தான் தசையை முடக்கிச் சீக்கிரம் வேலை செய்பவை. மெதுவாகக் கொல்கிற மருந்தை வைத்துக்கொண்டு யார் முதலில் கொன்றார்கள் என்று பார்த்தால் எந்தப் பச்சிலையும் ஜெயித்துவிடும்.

இதைவிட முக்கியம் அளவு. ஒரு மில்லிக்கு 50 மில்லிகிராம் என்றீர்கள். 25 கிலோ ஆட்டின் முதல் வயிற்றில் சுமாராக மூன்று லிட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே அந்த அடர்த்தி வர 150 கிராம் சாற்றுச் சத்து உள்ளே போக வேண்டும். காய்ந்த இலையில் பத்தில் ஒரு பங்கு சத்து கிடைத்தால் அதுவே நல்ல விளைச்சல், அப்படியே வைத்தாலும் ஒன்றரைக் கிலோ காய்ந்த இலை, பச்சையாகப் பறித்தால் ஆறேழு கிலோ. ஒரே ஒரு ஆட்டுக்கு! ஆயா ஊற்றுவது ஒரு மூங்கில் கொட்டத்தில் அடங்குகிற அளவு. அதே ஆட்டுக்கு அல்பெண்டசோல் 125 முதல் 190 மில்லிகிராம் வரை போதும். பெட்ரி தட்டில் இருக்கிற புழுவைச் சுற்றி மருந்து மட்டும்தான் இருக்கிறது, ஆட்டு வயிற்றில் புல்லும் நீரும் கோடிக்கணக்கான நுண்ணுயிரும் இருக்கின்றன, அந்த நுண்ணுயிர்கள் பல பச்சிலைச் சத்தை நான்காவது வயிற்றுக்குப் போவதற்குள்ளேயே உடைத்துத் தின்றுவிடும்.

சரி, என்ன செய்யலாம்? உங்கள் பட்டியிலேயே சோதனைக்கூடம் இருக்கிறது, நாற்பது ஆட்டின் புழுக்கையைச் சொல்கிறேன்.

முதலில் முட்டை பொரிப்புச் சோதனை. இதற்கு எந்த ஆட்டையும் வருத்த வேண்டியதில்லை. ஒரு பெண் ஹீமாங்கஸ் நாளைக்கு ஐயாயிரம் முதல் பத்தாயிரம் முட்டை வரை இடும், அதெல்லாம் புழுக்கையில்தான் வெளியே வருகிறது. கையுறை போட்டு ஆசனவாயிலிருந்தே நேராகப் புழுக்கை எடுங்கள், தரையில் விழுந்ததில் மண்ணில் தானாக வாழ்கிற புழுக்களும் ஏறிக்கொள்ளும். தண்ணீரில் கரைத்து, மெல்லிய சல்லடைகளில் அடுத்தடுத்து வடிகட்டி, கறியுப்பைக் கரையும் மட்டும் கரைத்த நீரில் மிதக்கவிட்டால் முட்டைகள் மேலே வரும், உடனே உப்புப் போகக் கழுவிவிடுங்கள். 24 குழித் தட்டில் குழிக்கு நூறு முட்டை வீதம் விட்டு, உங்கள் சாற்றை ஒவ்வொரு தடவையும் பாதியாகக் குறைத்து ஐந்தாறு அளவுகளில் சேர்த்து, 48 மணி நேரம் விட்டுவிட்டு, அயோடின் ஒரு சொட்டு விட்டு எத்தனை முட்டை அப்படியே இருக்கிறது, எத்தனை பொரித்து இளம்புழுவாகியிருக்கிறது என்று மைக்ரோஸ்கோப்பில் எண்ணுங்கள். நம் வேலூர் அறைச் சூடே போதும், மே மாதத்தில் மட்டும் செய்யாதீர்கள். ஒவ்வொரு அளவையும் மூன்று குழியில் செய்ய வேண்டும், மூன்று வேறு நாள் திரும்பவும் செய்ய வேண்டும்.

இதில் நேரம் பெரிய விஷயம். ஆட்டின் உடம்பை விட்டு வெளியே வந்து காற்றுப் பட்ட உடனே முட்டை வளர ஆரம்பித்துவிடும், மூன்று மணி நேரத்துக்குள் மருந்தோடு சேர்த்துவிட வேண்டும், தள்ளிப்போனால் அல்பெண்டசோல் வகை மருந்துகள் அதன்மேல் வேலை செய்யாத மாதிரித் தெரியும். ஒடுகத்தூரில் காலையில் எடுத்துப் பஸ்ஸில் வேலூர் வந்து மத்தியானம் தட்டில் போட்டீர்கள் என்றால் சோதனையே பொய்த்துவிடும். கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு பட்டியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் வெறும் தண்ணீர் விட்ட குழி, சாறு கரைக்கப் பயன்படுத்திய கரைப்பான் மட்டும் விட்ட குழி, அல்பெண்டசோல் வகையைச் சேர்ந்த தயாபெண்டசோல் விட்ட குழி மூன்றும் கட்டாயம் இருக்க வேண்டும். கரைக்க டிஎம்எஸ்ஓ என்கிற கரைப்பானை எடுத்தால் கடைசியில் நூற்றுக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது. தண்ணீரில் விட்ட முட்டையே பாதி பொரிக்கவில்லை என்றால் அன்றைய சோதனையை அப்படியே விட்டுவிட்டு மறுநாள் புதிதாகச் செய்யுங்கள், எண்களைச் சரிக்கட்டாதீர்கள்.

அதில் பலன் தெரிந்தால் அப்புறம் முதிர்ந்த புழு. விடியற்காலை ஆட்டுத்தொட்டிக்குப் போய், அறுத்த ஆட்டின் நான்காவது வயிற்றை இரண்டு பக்கமும் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள், ஃபிளாஸ்கில் வெதுவெதுப்பான, லேசான உப்புநீர் கொண்டு போங்கள். திறந்து பார்த்தால் தெரியும், பெண் புழுவில் ரத்தம் நிறைந்த குடலைச் சுற்றி வெள்ளைக் கருப்பை முறுக்கிக்கொண்டு சிவப்பும் வெள்ளையுமாகத் திரித்த நூல் மாதிரி இருக்கும், ஒரு தடவை பார்த்தால் மறக்கவே முடியாது. 37 டிகிரியில் வைத்துச் சாற்றைச் சேர்த்து, ஆறு மணி, பன்னிரண்டு மணி என்று அசைவைக் குறித்துக்கொண்டே வாருங்கள். அசையாமல் கிடந்தால் செத்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். கழுவி, அதே மாதிரி வெதுவெதுப்பான புது உப்புநீரில் அரைமணி நேரம் விட்டுப் பாருங்கள், பல புழுக்கள் எழுந்து நெளியும், அவை மயங்கியவை. சாறு சேர்க்காத உப்புநீரில் இருக்கிற புழுக்கள் எப்போது தளர ஆரம்பிக்கின்றனவோ அதோடு உங்கள் சோதனை நேரமும் முடிந்தது.

கடைசியாகத்தான் உயிருள்ள ஆடு, அதைக் கல்லூரி மூலமாகச் செய்தால் விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியும் ஒரு கால்நடை மருத்துவரும் இல்லாமல் தொடக் கூடாது. வயசும் எடையும் ஒத்த ஆடுகளை மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒன்றுக்குப் பச்சிலை, ஒன்றுக்கு மருந்து, ஒன்றுக்கு ஒன்றுமே கொடுக்காமல், கொடுக்கிற அன்றைக்கும் பத்துப் பதினாலு நாள் கழித்தும் புழுக்கையில் கிராமுக்கு எத்தனை முட்டை என்று எண்ண வேண்டும். முட்டை எண்ணுகிற மெக்மாஸ்டர் ஸ்லைடு ஒன்று இருந்தால் போதும், மூன்று கிராம் புழுக்கையை, முட்டை மிதக்கவிட்ட மாதிரியான கெட்டி உப்புநீர் 42 மில்லியில் கரைத்து இரண்டு அறையிலும் எண்ணி 50ஆல் பெருக்கினால் கிராமுக்கு எத்தனை என்று வந்துவிடும். எடை போட்டுத்தான் மருந்து ஊற்ற வேண்டும், கண்மதிப்பு வேண்டாம். எந்தக் கூட்டத்தில் இருந்தாலும் ரத்தம் குறைந்து கண் வெளுத்த ஆட்டை உடனே சோதனையிலிருந்து எடுத்து வைத்தியம் பார்க்க வேண்டும்.

ஒன்றும் கொடுக்காத கூட்டம் எதற்கு என்று கேட்பீர்கள். நான் வேலையில் சேர்ந்த புதிதில், அணைக்கட்டுப் பக்கம் ஒரு பட்டியில் கார்த்திகை மாசம் முட்டைக் கணக்கு ஏகத்துக்கு இருந்தது. அந்த வீட்டுப் பெரியவர் வேப்பிலை தவிர எதுவும் ஊற்ற மாட்டேன் என்று நின்றார், நானும் சரி, பார்ப்போம் என்று மாதாமாதம் போய் எண்ணினேன். மாசி மாசம் கணக்கு நாலில் ஒரு பங்காக இறங்கிவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, நோட்டில் பெரிதாக எழுதி வைத்தேன். பக்கத்துப் பட்டியில் வேறு வேலையாகப் போன இடத்தில் அங்கேயும் புழுக்கை எடுத்துப் பார்த்தால், எதுவுமே கொடுக்காத அந்த ஆடுகளிலும் அதே இறக்கம். மழை நின்று, புல் காய்ந்து, புது இளம்புழு உள்ளே போவது குறைந்துவிட்டது, அவ்வளவுதான். செம்மறிக்கு இன்னொரு குணமும் உண்டு, புதிதாக இளம்புழு நிறைய உள்ளே போகும்போது பழைய புழுக்களை உடம்பே உதறித் தள்ளிவிடும், இதை 1929லேயே ஸ்டோல் என்பவர் எழுதியிருக்கிறார். அந்த நோட்டுப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை, மாணவர்கள் வந்தால் காட்டுவேன்.

ஆயா சொன்ன "புழு விழுந்துவிடும்" என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் பொய் சொல்லவில்லை, விழுவதைப் பார்த்திருப்பார். ஆனால் புழுக்கையோடு சோற்றுப் பருக்கை மாதிரி வெள்ளையாக விழுவது மோனிசியா என்கிற நாடாப்புழுவின் துண்டு. அது குட்டிகளில் சாதாரணமாக இருப்பது, பெரும்பாலும் பெரிய கேடு செய்யாது, வளர வளர தானாகவே போயும்விடும். உயிரை எடுக்கிற ஹீமாங்கஸ் செத்தால்கூட நான்காவது வயிற்றிலிருந்து வெளியே வருவதற்குள் செரித்துப்போகும், கண்ணுக்கே தெரியாது. அதனால் விழுந்ததை வைத்தும் விழாததை வைத்தும் ஒன்றும் சொல்ல முடியாது. எண்ணித்தான் ஆக வேண்டும்.

இனி ஆடுதீண்டாப்பாளை. இதைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சித்த மருத்துவத்தில் இதற்குப் புழுக்கொல்லிப் பெயர் உண்டு, மண்புழுவும் ஆட்டுப்புழுவும் இதில் சாகலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தச் செடியின் குடும்பமே அரிஸ்டோலோகிக் அமிலம் என்கிற நஞ்சைத் தயாரிப்பது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் உடம்பு இளைக்க ஒரு மருந்து சாப்பிட்ட பெண்கள், அதில் இதே இனச் சீன மூலிகை ஒன்று மாறிக் கலந்துவிட்டதால், சுமார் நூறு பேர் சிறுநீரகம் கெட்டுப்போனார்கள், பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இந்த அமிலத்தை மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மேய்கிற ஆடே தீண்டாது என்று நம் முன்னோர் பெயர் வைத்த செடி அது. வாயைப் பிளந்து ஊற்றி, அந்த ஆட்டின் கறியைச் சந்தைக்கு அனுப்புகிறோம். உங்கள் மூன்று செடிக் கலவையிலிருந்து இதை எடுத்துவிடுங்கள். சாறு எடுக்கும்போதும் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், பொடி மூக்கில் ஏறவிடாதீர்கள்.

மற்ற இரண்டும் தினம் பார்க்கிற செடி என்பதால் கவலையே வேண்டாம் என்று நினைக்க வேண்டாம். குப்பைமேனியில் சயனைடு வெளிவிடக்கூடிய சத்து ஒன்று இருக்கிறது, ஜி6பிடி என்கிற நொதி குறைவாகப் பிறந்த மனிதர்கள் இதைச் சாப்பிட்டு ரத்த அணுக்கள் உடைந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறார்கள். செடியிலிருந்து வந்த புழு மருந்துகள் நிஜமாகவே வேலை செய்திருக்கின்றன. சாண்டோனின் ஒரு காலத்தில் குழந்தைகளுக்கு உருண்டைப்புழு எடுக்க உலகம் முழுக்கக் கொடுத்தார்கள், கீனோபோடியம் எண்ணெய் கொக்கிப்புழுவுக்குக் கொடுத்தார்கள், இரண்டும் கைவிடப்பட்டதற்குக் காரணம் புழுவைக் கொல்லும் அளவும் ஆளைக் கெடுக்கும் அளவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததுதான். அதனால் உங்கள் ஆய்வில் புழுவைக் கொல்லும் அளவு எவ்வளவு என்பதோடு, ஆட்டுக்குத் தீங்கு ஆரம்பிக்கும் அளவு எவ்வளவு என்பதும் சேர்ந்து வர வேண்டும், இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதுதான் அது மருந்தா இல்லையா என்று சொல்லும்.

சாறு எடுக்கிற விதமும் ஒன்று. ஆயா தண்ணீரில் அரைக்கிறார், நீங்கள் மெத்தனாலில் எடுத்தீர்கள். இரண்டும் ஒரே மருந்து இல்லை, தண்ணீரில் இறங்காத எத்தனையோ மெத்தனாலில் இறங்கும். ஆயாவின் வைத்தியத்தைச் சோதிக்க வேண்டுமென்றால் அவர் செய்கிற மாதிரியே பச்சையாக அரைத்துப் பிழிந்ததும் ஒரு குழியில் இருக்க வேண்டும். சீனத்தில் தூ யூயூ என்ற விஞ்ஞானி மலேரியாவுக்கு மருந்து தேடியபோது, அவருடைய செடி ஒரு நாள் வேலை செய்யும், இன்னொரு நாள் செய்யாது. நாலாம் நூற்றாண்டு ஏடு ஒன்றில் செடியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து குடி என்று மட்டும் இருந்ததையும், காய்ச்சு என்று இல்லாததையும் கவனித்து, சூடு படாமல் ஈதரில் எடுத்துப் பார்த்தார். 1971இல் பலன் கிடைத்தது, 2015இல் நோபல் பரிசு வந்தது. அதே வருஷம் அதே பரிசின் மறுபாதி ஐவர்மெக்டினுக்காக ஓமுராவுக்கும் காம்ப்பெல்லுக்கும் போனது, அது ஜப்பானிய மண்ணில் கிடைத்த ஒரு பாக்டீரியாவிலிருந்து வந்த புழு மருந்து. நீங்கள் 60 டிகிரியில் வைத்து மெத்தனாலை ஓட்டினீர்களா, நிழலில் காயவைத்தீர்களா, இலை எந்த மாசத்தில் எந்த ஏரிக்கரையில் பறித்தது, பூத்த செடியா பூக்காததா, இதையெல்லாம் எழுதி, ஒரு கிளையைக் காகிதத்தில் அழுத்திக் காயவைத்து எண் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் கழித்து ஒருவர் திரும்பச் செய்து பார்க்க அது ஒன்றுதான் வழி.

பள்ளிப் பிள்ளைகளுக்கு? வேண்டவே வேண்டாம். திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் வேலூர் சிஎம்சி மருத்துவக் கல்லூரி பல வருஷம் நடத்திய பெரிய குடற்புழு ஆய்வில் அதிகம் கண்டது கொக்கிப்புழுதான், அதுவும் ரத்தம் குடிப்பதுதான், ஆனால் அது வேறு இனம், வேறு குடல். பிள்ளைகளுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் குடற்புழு நீக்க நாளில் 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் கொடுக்கிறார்கள், ஒன்று முதல் இரண்டு வயசுக்குள் இருந்தால் அதில் பாதி. அதைப் போடவையுங்கள். பொடி விற்கிற யோசனையையும் இப்போதைக்கு விடுங்கள், மருந்து என்று சொல்லி விற்க உரிமம் வேண்டும், அதைவிட, அந்தப் பொடியை நம்பி ஒருவர் தன் பட்டிக்கு வேறு மருந்து ஊற்றாமல் விட்டுவிட்டால் நாலு வாரத்தில் அவர் வீட்டில் பாதிக் குட்டி இருக்காது.

அதற்காக அல்பெண்டசோலே போதும் என்று நான் சொல்லவில்லை. வருஷக்கணக்காக ஒரே வகை மருந்தை, எடை பார்க்காமல் குறைவாக, நாற்பது ஆட்டுக்கும் ஒரே நாளில் ஊற்றி ஊற்றிப் புழுவுக்குப் பழக்கிவிட்டோம், தமிழ்நாட்டுச் செம்மறிப் பண்ணைகளில் இந்த வகை மருந்துக்குப் புழு அசையாதது பதிவாகியே இருக்கிறது. உங்கள் பட்டியிலும் அல்பெண்டசோல் ஊற்றிப் பதினாலு நாளில் முட்டைக் கணக்கு நூற்றுக்கு 95 இறங்கவில்லை என்றால் மருந்தை மாற்றச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். பச்சிலையைத் தேட வேண்டிய நிஜமான காரணமே இதுதான். தென்னாப்பிரிக்காவில் மாலன் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் செய்த ஃபமாச்சா அட்டையில் கீழிமை நிறம் ஐந்து படி போட்டிருக்கும், நல்ல சிவப்பு ஒன்று, வெள்ளைக் காகிதம் மாதிரி ஐந்து. வாரம் ஒரு தடவை நாற்பது ஆட்டின் கீழிமையையும் இழுத்துப் பார்த்து வெளுத்ததற்கு மட்டும் மருந்து ஊற்றினால் மருந்தும் மிஞ்சும், மருந்துக்கு அடங்குகிற புழுவும் பட்டியில் மிஞ்சும்.

ப்ராஜெக்ட்டைத் தொடர விருப்பம் இருந்தால் என் ஆசை ஒன்று, சாறு ஊற்றுவதை விட்டுவிட்டுத் தீவனமாகப் பாருங்கள். கோடையில் நம் ஏரிக்கரைகளில் நாட்டுக் கருவேல நெற்றை ஆடுகள் ஆவலாகப் பொறுக்கித் தின்னும். துவர்ப்புச் சத்து நிறைந்த தீவனங்கள் முட்டைக் கணக்கைக் குறைப்பது பல நாடுகளில் வேறு செடிகளில் பார்க்கப்பட்டிருக்கிறது. மேய்ப்பர்கள் ஏற்கெனவே கொடுப்பது, ஆடு தானாகத் தின்பது, செலவில்லாதது. நெற்றுச் சாற்றில் முட்டை பொரிப்புச் சோதனை செய்துவிட்டு, துவர்ப்பைப் பிடித்து இழுக்கிற பிவிபிபி பொடி சேர்த்து அதே சோதனையை இன்னொரு தடவை செய்தால், வேலை செய்வது துவர்ப்பா வேறு எதுவுமா என்பதும் தெரிந்துவிடும். எம்.எஸ்சி.க்கு அதுவே நிறைவான வேலை.

அப்புறம் ஒரு சாயங்காலம் ஆயாவோடு பட்டியில் உட்கார்ந்து, எத்தனை கைப்பிடி, எந்த மாசம், எத்தனை நாள் விட்டு ஊற்றுவார், குட்டிக்கு எவ்வளவு, எந்த ஆட்டுக்கு ஊற்றவே மாட்டார் என்று கேட்டு எழுதுங்கள். சினை ஆட்டுக்குக் கொடுக்க மாட்டேன் என்று அவர் சொன்னால் ஏன் என்று கட்டாயம் கேளுங்கள். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதி எனக்கு அனுப்புங்கள், குட்டிகள் எப்படி இருக்கின்றன என்பதையும் சேர்த்து.